சிப் இருக்கிறது, ஆள் எங்கே?

மூன்றாவது தடவைதான் ஸ்கேனர் கத்தியது.

தோலுக்கடியில் அடையாளச் சிப் இருக்கிறதா என்று பார்க்க, முதலில் டாக்டர் அதை நாயின் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக நகர்த்திப் பார்த்தார். சத்தமில்லை. கழுத்தின் இடது பக்கம் வைத்தார். அங்கேயும் இல்லை. "போட்டிருக்க மாட்டாங்க டாக்டர், யாரோ விட்டுட்டுப் போன நாய்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை விலாப்பக்கம் இறங்கி, இடது முன்னங்கால் முட்டிக்கு அருகே போனது. பீப். சின்னத் திரையில் பதினைந்து இலக்கங்கள் வந்து நின்றன. "வழுக்கிட்டே வந்து இங்க உக்காந்திருக்கு" என்று சிரித்தார் டாக்டர்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், விடாமல் மழை பெய்த ஒரு ராத்திரியில், எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து ஒண்டிக்கொண்டது அந்த நாய். செம்பழுப்பு நிறம். முகவாயெல்லாம் நரை. கழுத்தில் பட்டை இல்லை, ஆனால் பட்டை கிடந்த தடம் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் முடி தேய்ந்து வளையம் போட்டிருந்தது. கையை நீட்டினால் தானாகவே வலது காலைத் தூக்கிக் கொடுத்தது. தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? வயதைப் பார்த்து "பாட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தோம். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. காது போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

டாக்டர் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். சிப் எண்களுக்கான பதிவேட்டில் இருக்கும் முகவரியையும் ஃபோன் நம்பரையும் எல்லோருக்கும் காட்ட மாட்டார்கள். டாக்டர்கள், உள்ளாட்சி ஆட்கள், காப்பகக்காரர்கள் மாதிரி சிலருக்குத்தான் திறக்கும். அதனால் நான் மேஜைக்கு இந்தப் பக்கமே நின்றேன். "பேரு ராணியாம்" என்றார். பிறகு நாயைப் பார்த்து, கூப்பிடுகிற குரலில், "ராணி" என்றார்.

அதுவரை சுவரையே வெறித்துக்கொண்டிருந்த கிழவி படக்கென்று தலையைத் திருப்பினாள்.

வீட்டு நாய்களுக்குச் சிப் கட்டாயம் என்று சட்டம் போட வேண்டுமா என்று கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் திரும்பல்தான். ஆனால் அடுத்த ஐந்து நிமிடத்தில் நடந்ததையும் சொன்னால்தான் கதை முழுசாகும். பதிவில் இருந்த நம்பருக்கு டாக்டர் அடித்தார். உடனே எடுத்துவிட்டார்கள். ஒரு பெண்மணி. விஷயத்தைச் சொல்லிவிட்டு டாக்டர் ஃபோனை என்னிடம் கொடுத்தார்.

"அந்த நாயா? அதை நாங்க குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சே."

"யார்கிட்ட குடுத்தீங்க மேடம்?"

"தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போனார். அவர் நம்பரெல்லாம் இப்ப என்கிட்ட இல்லை."

"ரெக்கார்டுல இன்னும் உங்க பேருதான் இருக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நாயை வாங்கிட்டுப் போனது அவர்தானே?"

வைத்துவிட்டார்.

கிளினிக்கிலிருந்து வீடு வரும் வரைக்கும் அந்தம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ராணி பின்சீட்டில் படுத்துத் தூங்கினாள். ராத்திரி படுத்த பிறகுதான் அந்தக் கடைசிக் கேள்வி திரும்பி வந்தது. நாயை வாங்கிக்கொண்டு போனவர் அவர். பெயரை மாற்ற வேண்டியது யார்? அந்தம்மா சட்டம் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கேட்டது, இந்த மாதிரிச் சட்டங்களில் இருக்கும் பெரிய ஓட்டைக்குள் நேராகக் கையை விட்ட கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தச் சிப்பு. ராணி வந்த கதையை யாரிடம் சொன்னாலும் உடனே வருகிற கேள்வி ஒன்று உண்டு: "அப்போ நாய் எங்க போனாலும் ஃபோன்ல பாத்துக்கலாம், இல்ல?" முடியாது. அதில் பேட்டரியே கிடையாது. 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், ஏறக்குறைய ஒரு அரிசி மணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் துண்டு ஒன்றைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருள், அதோடு ஒரு பொடிச் சிலிக்கான் சில்லு. அவ்வளவுதான் சரக்கு. ஸ்கேனர் கிட்டே வந்தால் அதன் காந்தப்புலம் சுருளில் துளி மின்சாரத்தை எழுப்பும். அந்தத் துளியில் சில்லு விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டு, ஸ்கேனர் விலகியதும் பழையபடி செத்ததுபோலக் கிடக்கும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே கேட்காது. நாயின் ஆயுசு முழுக்க அது பேசும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் சில விநாடிகள்தான் தேறும்.

அது சொல்லும் எண்ணிலும் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1996-இல் வெளியிட்ட 11784, 11785 என்ற இரண்டு தரக்குறிப்புகளின்படி 15 இலக்கம். முதல் மூன்று நாட்டைக் குறிக்கும், அல்லது 900-இல் தொடங்கும் வரிசையாக இருந்தால் தயாரித்த நிறுவனத்தை. மீதி 12 அந்த ஒரு நாய்க்கு மட்டும். பெயர் இல்லை, முகவரி இல்லை, தடுப்பூசி விவரம் இல்லை. டோக்கன் மாதிரி. டோக்கனை நாயின் தோலுக்கடியில் வைத்தாயிற்று. அந்த டோக்கனுக்கு எதிரே யார் பெயர் எழுதியிருக்கிறது என்பது வேறெங்கோ இருக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் பாடு. ஊசி போடுகிற அன்று நாம் செலவழிக்கும் கவனமெல்லாம் டோக்கனுக்கே போய்விடுகிறது. நோட்டை யாரும் நினைப்பதில்லை.

சட்டங்களும் பெரும்பாலும் டோக்கனைப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இது ஒன்றும் புது யோசனை இல்லை. பிரான்சில் 1999 முதல் நான்கு மாதம் தாண்டிய நாய்க்கு ஏதாவது ஒரு நிரந்தர அடையாளம் வேண்டும்; ஆரம்பத்தில் காதில் பச்சை குத்துவதே அதிகம், சிப் பின்னால் அதன் இடத்தைப் பிடித்தது. நியூசிலாந்தில் 2006 ஜூலை 1 முதல், புதிதாகப் பதிவாகும் நாய்களுக்குக் கட்டாயம், மந்தை மேய்க்கும் நாய்கள் நீங்கலாக. (ஓடி ஓடி ஆடு மடக்குகிற நாய்க்கு விலக்கு, சோபாவில் தூங்குகிற நாய்க்குச் சிப். பண்ணைக்காரர்களின் குரல் எவ்வளவு பலமாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.) வட அயர்லாந்து 2012-இல் கொண்டுவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றும் 2016 ஏப்ரல் 6 முதல். அங்கே குட்டிக்கு எட்டு வாரம் ஆவதற்குள் சிப் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வீட்டுப் பூனைகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

இங்கிலாந்துச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சிப் இல்லாத நாயைப் பிடித்தால் எடுத்த எடுப்பிலேயே அபராதம் போடுவதில்லை. நோட்டீஸ் கொடுத்து 21 நாள் அவகாசம் தருகிறார்கள். அப்படியும் அசையாவிட்டால்தான் 500 பவுண்டு வரைக்கும் அபராதம். அடிப்பதற்கு முன் சொல்லிப் பார்க்கிற சட்டம். நாய் விஷயத்தில் சட்டம் போடுகிற எவரும் அந்த இரண்டு வரியையாவது காப்பி அடிக்கலாம்.

சரி, சிப்பால் பலன் உண்டா? உண்டு. 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு, 53 விலங்குக் காப்பகங்களுக்கு வந்து சேர்ந்த, சிப் உள்ள 7,704 பிராணிகளைப் பின்தொடர்ந்தது. அந்தக் காப்பகங்களுக்கு வழிதவறி வந்த நாய்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் வீடு திரும்பியவை 22 சதவீதம் போல. சிப் உள்ள நாய்களை மட்டும் பார்த்தால் 52 சதவீதம். பூனைகளில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்: மொத்தத்தில் 1.8, சிப் இருந்தால் 38.5. சிப் வேண்டாம் என்று வாதாடுகிறவர்கள் இந்த இரண்டு ஜோடி எண்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆனால் நான் அந்த ஆய்வைத் தேடிப் படித்தது மறுபாதிக்காக. சிப் இருந்தும் வீடு போகாத பிராணிகளுக்கு என்ன ஆயிற்று? ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் போன சம்பவங்களில் 35 சதவீதத்துக்குக் காரணம் ஒன்றே: ஃபோன் நம்பர் தப்பு, அல்லது அந்த நம்பரே உயிரோடு இல்லை. சில சிப்புகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவே இல்லை. சிலவற்றை வைத்துக்கொண்டு ஒரு பதிவேட்டில் தேடியிருக்கிறார்கள், பெயர் இருந்ததோ வேறொன்றில். இதெல்லாம் தாண்டி ஆளைப் பிடித்த இடங்களிலும், ஏறத்தாழ நாலில் ஒருவர் பிராணி திரும்ப வேண்டாம் என்றிருக்கிறார்கள். என் பெண்மணி ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை. அவர் அந்த நாலில் ஒருவர்.

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்று ஒரு பழமொழி. சிப் விஷயத்தில் அதைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கிறது. நாய் கிடைத்தால் ஸ்கேனர் இல்லை. ஸ்கேனர் இருந்தால் அதற்கு அந்தச் சிப்பின் பாஷை தெரியாது. அமெரிக்காவில் ரொம்ப காலம் 125 கிலோஹெர்ட்ஸ் சிப்புகளும் அவற்றை மட்டும் படிக்கும் ஸ்கேனர்களும் பரவலாக இருந்தன, ஐஎஸ்ஓ தரத்தின் 134.2 கிலோஹெர்ட்ஸ் சிப் வைத்த நாய் அவற்றுக்கு முன்னால் ஊமை. எண் கிடைத்தால் எந்தப் பதிவேடு என்று தெரியாது. பிரிட்டனில் மட்டும் 20-க்கும் மேற்பட்ட தனித்தனிப் பதிவேடுகள் முளைத்திருக்கின்றன. பதிவேட்டைக் கண்டுபிடித்தால் நம்பர் செத்திருக்கும். நம்பர் உயிரோடு இருந்தால், "குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சே."

பதிவேடு நடத்துகிற நிறுவனமே காணாமல் போவதும் உண்டு. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒன்று அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. நாய்களின் உடம்பில் சிப் அப்படியே இருந்தது. எண்ணும் அப்படியே. தட்டினால் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. கட்டாயம் என்று குடிமக்களை நிர்ப்பந்திக்கும் அரசு, அந்த நோட்டுப் புத்தகத்தைத் தனியார் கையில் விட்டுவிட்டு, அவர்கள் கடையை மூடினால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போடு என்று சொல்கிறவர் படிக்கவும் பொறுப்பேற்க வேண்டும். பொது இடத்தில் நாய் பிடிக்கிற வண்டி ஒவ்வொன்றிலும், காப்பகம் ஒவ்வொன்றிலும், கிளினிக் ஒவ்வொன்றிலும் எல்லா அலைவரிசையும் படிக்கிற ஸ்கேனர் இருக்க வேண்டும். நாயைக் கருணைக்கொலை செய்வதற்கு முன் தலையிலிருந்து முட்டி வரை ஸ்கேன் பண்ணியே ஆக வேண்டும். ஆமாம், முட்டி வரை. தோள்பட்டையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு "சிப் இல்லை" என்று எழுதுகிற கை ராணிக்கு வாய்த்திருந்தால், இந்தக் கட்டுரை இல்லை.

இப்போது அந்தம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நாய் கைமாறும்போது பெயர் மாற்ற வேண்டியது யார்? இங்கிலாந்து விதிகளைப் பிரித்துப் பார்த்தேன். சிப் இல்லாத நாயைக் கைமாற்றக் கூடாது என்று கொடுப்பவரைக் கட்டுப்படுத்துகிறது. நல்லது. ஆனால் புது விவரத்தைப் பதிவு செய்யும் கடமை, கொடுத்தவர் ஏற்கனவே செய்திராவிட்டால், வாங்கியவர் தலையில். ஜப்பானிலும் அதே சாய்வுதான்: 2022 ஜூன் 1 முதல் நாய், பூனை விற்பவர்கள் சிப் போட்டுத்தான் விற்க வேண்டும், வாங்குகிறவர் 30 நாளுக்குள் பதிவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. நாய் யாரிடமோ அவர் பொறுப்பு. ஆனால் நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். நாயை நல்லபடியாக வைத்துக்கொள்ள நினைக்கிறவர் எப்படியும் பதிவை மாற்றுவார். நாலு மாதத்தில் தெருவில் விடப் போகிறவர் எதற்காகத் தன் பெயரை எழுதி வைப்பார்? எழுதாதவரை அவர் யாரென்றே எவருக்கும் தெரியாது; தெரியாத ஆளுக்கு அபராதம் விதிக்கவும் முடியாது. பதிவேட்டில் பெயர் உள்ள ஒரே ஆள் கொடுத்தவர்தான். பிடி அவரிடம் இருக்கிறது. ஆகவே கடமையும் அவரிடம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி: புது ஆள் பெயர் ஏறும் வரைக்கும் நாய் உங்களுடையது, தெருவில் கிடைத்தால் நீங்கள் வந்து அழைத்துப் போக வேண்டும், காப்பகச் செலவு உங்கள் கணக்கு. பழைய வண்டியை விற்றவர் பெயர் மாறிவிட்டதா என்று ஓடி ஓடிப் பார்க்கிறாரே, ஏன்? நாளைக்கு அது எங்காவது மோதினால் போலீஸ் முதலில் தன் வீட்டுக் கதவைத்தான் தட்டும் என்ற பயம். அந்தப் பயத்தில் பாதி நாய் விஷயத்தில் இருந்தால், "தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெயர், முகவரி, நம்பர் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டுதான் சங்கிலியைக் கையில் கொடுப்பார்கள்.

இதையே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனால் முதல் கண்ணி குட்டி போட்டு விற்கிறவரிடம் போய் நிற்கும். சட்டம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். நாய் வளர்க்கிற லட்சக்கணக்கான வீடுகளைத் துரத்துவதைவிட, குட்டி விற்கிற சில நூறு ஆட்களைப் பிடிப்பது லேசு. ஜப்பான் அந்த வரிசையைச் சரியாகப் பிடித்திருக்கிறது: விற்பவருக்குக் கட்டாயம், ஏற்கனவே நாய் வைத்திருந்த வீடுகளுக்கு "முயற்சி செய்யுங்கள்" என்ற அளவில் ஒரு கடமை. பத்து வருஷமாக ஒரே வாசலில் படுத்திருக்கும் கிழட்டு நாய்க்கு அவசரமாக ஊசி குத்தி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. புதிதாகச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு குட்டியும் எண்ணோடு வந்தால், ஒரு நாயின் ஆயுள் காலத்துக்குள் எல்லாமே எண்ணோடு இருக்கும்.

எதிர்த்துச் சொல்கிறவர்களின் வாதங்களில் சிலதை நான் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை. சிப் வைத்தால் கேன்சர் வரும் என்பது அதில் ஒன்று. ஆய்வக எலிகளில் சிப்பைச் சுற்றிக் கட்டி வந்தது உண்மைதான். எலி வேறு, நாய் வேறு. பிரிட்டனின் சிறு விலங்கு மருத்துவர் சங்கம் 1996 முதல் 2009 வரை பக்கவிளைவுப் புகார்களைச் சேகரித்து வைத்தது. 37 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்புகளுக்கு வந்த புகார் 391. அதில் கட்டி என்று வந்தவை இரண்டு. அதிகமாக வந்தது ராணிக்கு நடந்த அதே விஷயம், சிப் நகர்ந்துபோவது. எல்லோரும் மெனக்கெட்டுப் புகார் எழுதிப்போட மாட்டார்கள், நிஜ எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் என் முடிவு மாறாது.

"அரசாங்கம் வேவு பார்க்கும்" என்பது இன்னொன்று. சிப் வேவு பார்க்காது. கிட்டே வந்து தடவினால்தான் வாயைத் திறக்கும். ஆனால் பதிவேட்டில் இருக்கும் என் முகவரியும் ஃபோன் நம்பரும் யார் யாருக்குக் கைமாறுகிறது என்ற பயம் நியாயமானது. பதிவேடு நடத்தும் நிறுவனம் அந்த நம்பரை விளம்பரத்துக்கு விற்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

"கெட்டவன் எப்படியும் போட மாட்டான், மாட்டுவது நல்லவன்தான்" என்பார்கள். பாதி உண்மை. சண்டைக்கென்று நாய் வளர்ப்பவனும், மறைவில் குட்டி போட்டு விற்பவனும் வரிசையில் வந்து நிற்கப் போவதில்லை. ஆனால் எல்லா நாய்க்கும் எண் இருக்கிற இடத்தில் எண் இல்லாத நாயே ஒரு கேள்வி. ஒரு நாய் குழந்தையைக் கடித்துவிட்டது என்று வையுங்கள். "இது என் நாயே இல்லை" என்று சொல்லித் தப்புவது அங்கே கொஞ்சம் கஷ்டம். கொஞ்சம்தான். சிப் உரிமைப் பத்திரம் கிடையாது, இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கிலாந்து விதிகளிலும் பதிவாவது "பராமரிப்பவர்", அதாவது நாய் வழக்கமாக யாரோடு வசிக்கிறதோ அவர். உடைமை யாருடையது என்று கோர்ட்டில் சண்டை வந்தால், சிப் பதிவு பல சாட்சிகளில் ஒரு சாட்சி.

எனக்கு நிஜமாகவே தொண்டையில் நிற்கிற வாதம் ஒன்றுதான்: ஏழைகள். ஒரு நாய்க்கு எண் வாங்க ஒரு நாள் கூலி போகும் என்றால் கட்டாயச் சட்டம் யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. இனநாய் வாங்குகிறவர் விலையோடு சேர்த்துச் சிப்புக்கும் கொடுத்துவிடுவார். வாசலில் வந்து சேர்ந்த குட்டிக்குச் சோறு போட்டு வளர்க்கிற வீடு, நோட்டீஸ் வந்த அன்று "இது எங்க நாய் இல்லீங்க" என்று சொல்லிவிடும். சட்டம் வந்ததால் ஒரு நாய் வீட்டை இழக்கும். பிரிட்டனில் நாய் லைசென்ஸ் என்று ஒன்று பல தலைமுறையாக இருந்து, 1987-இல் ஒழிந்தது. கடைசியில் அதன் கட்டணம் 37 பென்ஸ். வசூலிக்க ஆன செலவு வசூலை மிஞ்சியது. நாயை வைத்துப் பணம் பண்ணப் பார்த்த திட்டம் அப்படித்தான் முடியும். சிப்பைக் கட்டாயமாக்குகிற அரசு அதை இலவசமாகப் போட வேண்டும், வீடு தேடி வந்து போட வேண்டும். அதற்கு மனசில்லை என்றால் கட்டாயம் என்ற வார்த்தையை எடுத்துவிடலாம்.

வீடு தேடி வருவதற்குச் சாக்கும் இருக்கிறது. வெறிநாய்க்கடி நோயால் உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 99 சதவீதம் வரை நாய் மூலம் வருவது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால்தான் சங்கிலி அறும் என்கிறார்கள். எந்த நாய்க்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று தெரியாமல் 70 சதவீதத்தை எப்படி எண்ணுவது? ஆகவே ஊசியும் எண்ணும் ஒரே நாளில், ஒரே கையால். ஹாங்காங்கில் இந்த முடிச்சு ஏற்கனவே போட்டிருக்கிறார்கள். ஐந்து மாதம் தாண்டிய நாய்க்குச் சிப், வெறிநோய்த் தடுப்பூசி, லைசென்ஸ் மூன்றும் சேர்த்து. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊசியும் லைசென்ஸும் புதுப்பிக்க வேண்டும். இதில் தடுப்பூசியைவிட எனக்கு அந்த "மூன்று வருஷத்துக்கு ஒருமுறை" மேல்தான் கண். ஒவ்வொரு தடவையும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து, "நம்பர் இதேதானா?" என்று கேட்கிறார். செத்த நம்பர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் செத்துக் கிடக்க வழியில்லை. மற்ற இடங்களில் நாய்க்குட்டியாக இருந்தபோது கொடுத்த நம்பர், அது கிழடாகித் தொலைந்துபோகும் அன்று முதல்முறையாக அடிக்கப்படுகிறது.

ராணியை என் பெயருக்கு மாற்ற ஏழு மாதம் ஆனது. பதிவேட்டுக்காரர்கள் பழைய பராமரிப்பாளரின் சம்மதம் கேட்டார்கள். தப்பில்லை, நாய் திருடுகிறவனும் இதே ஃபாரத்தைத்தான் நிரப்புவான். அந்தம்மாவுக்குக் கடிதம் போட்டார்கள், மெயில் போட்டார்கள். பதில் இல்லை. எனக்கு நாலு தடவை ஒரே பதில் வந்தது: காத்திருக்கவும். இந்த ஏழு மாதமும் ராணி எங்கள் வீட்டில் தின்று, எங்கள் சோபாவில் முடி உதிர்த்து, காகிதத்தில் மட்டும் இன்னொருவரின் நாயாக இருந்தாள். நடுவில் ஒருநாள் கேட் திறந்திருந்தபோது வெளியே போய்விட்டாள். இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பிடித்தோம். அந்தப் பத்து நிமிடமும் என் மனதில் ஓடியது ஒன்றுதான். யாராவது இவளை எடுத்துப்போய் ஸ்கேன் பண்ணினால், ஃபோன் அந்தம்மாவுக்குத்தான் போகும்.

கடைசியில் ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். என் நம்பர் அந்தக் கடிதத்தில் இருந்திருக்கிறது.

"ஒப்புதல் குடுத்துட்டேன். லேட் ஆயிடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வீடு மாற வேண்டி வந்துச்சு. புது இடத்துல நாய் வச்சுக்க விடலை. அந்த ஆளு நல்லாப் பாத்துக்கறேன்னு சொன்னார்."

நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "நல்லா இருக்கா மேடம். முட்டி வலி மட்டும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

"இன்னும் கை குடுக்குதா?"

"குடுக்குது."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

இதற்குப் பிறகும் கொடுத்தவர்தான் பொறுப்பு என்ற என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவரிடம் அன்றைக்கு யாராவது ஒரு ஃபாரத்தை நீட்டி, "புது ஆள் பெயரை எழுதினால்தான் நாயை அனுப்பலாம்" என்று சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார் என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. யாரும் நீட்டவில்லை.

சாயங்காலம் பதிவேட்டின் பக்கம் எனக்குத் திறந்தது. பராமரிப்பவர் பெயர், முகவரி, ஃபோன் நம்பர், அவசரத்துக்கு இன்னொரு நம்பர் எல்லாம் நிரப்பினேன். நாயின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, மாற்ற வேண்டுமானால் மாற்றலாம் என்ற குறிப்போடு. வீட்டில் எல்லோரும் இன்னமும் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறோம், அவளும் மனசிருந்தால் அதற்கு வருகிறாள். அந்தக் கட்டத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, சேமி என்ற பட்டனை அழுத்தினேன்.